ஷேர் ஆட்டோ அக்கா

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் ஜெயக்கொடிக்கு நாற்பத்தேழாவது வயதில் ஒரு பட்டப்பெயர் கிடைத்தது. அதுவும் இருபத்தொரு கிலோமீட்டரை முழுசாக ஓடி முடித்ததற்குப் பரிசாக. ஷேர் ஆட்டோ அக்கா. வைத்தது யாரென்று கேட்டால் குழுவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். முதுகுக்குப் பின்னால் மட்டும் எல்லார் வாயிலும் அது சரளமாக வரும்.

குழு என்றால், சிட்லபாக்கம் ஏரிக்கரையில் காலை ஐந்து மணிக்குக் கூடும் ஓட்டக் குழு. முப்பது நாற்பது பேர். வங்கி அதிகாரி, கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர், பள்ளிக்கூட டீச்சர், ஓய்வு பெற்ற இன்ஜினீயர் என்று பெரும்பாலும் மாசச் சம்பளத்துக்காரர்கள். கடை வைத்திருப்பவள் ஜெயக்கொடி ஒருத்திதான். அவள் மாமனார் நெல் விதைத்த நிலத்தில்தான் அவர்களில் நாலைந்து பேருடைய அடுக்குமாடி நிற்கிறது. அதை அவள் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டாமல் இருப்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போன வருஷம் நடந்தது இதுதான். பந்தயத்தில் நெஞ்சில் குத்திக்கொள்ளும் நம்பர் தாளின் பின்பக்கம் ஒரு சிப் ஒட்டியிருக்கும். புறப்படும் இடம், பாதி தூரத்தில் திரும்பும் இடம், முடியும் இடம் என்று மூன்று இடங்களில் தரையில் மேட் விரித்திருப்பார்கள். மிதித்துக்கொண்டு போனால் பீப் என்று ஒரு சத்தம் வரும், நேரம் பதிவாகிவிடும். ஜெயக்கொடி புறப்படும்போது போனைக் கையில் பிடித்து வீடியோ எடுத்தாள். பீப் வந்தது. பிறகு போனை இடுப்புப் பையில் போட்டு, பை குலுங்குகிறதே என்று வயிற்றுக்கு மேலே ஏற்றி இறுக்கிக்கொண்டாள். பை போய்ச் சிப்பின் மேல் உட்கார்ந்துகொண்டது. திரும்பும் இடத்தில் பீப் வரவில்லை. கடைசி நூறு மீட்டரில், போட்டோவில் நம்பர் தெரிய வேண்டுமே என்று பையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டாள். பீப் வந்தது. ஆக, கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அவள் புறப்பட்டாள், முடித்தாள், நடுவில் எங்கே போனாள் என்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் வழக்கம்போலப் பெயர் படித்தார்கள். அது அந்தக் குழுவின் சடங்கு. சிமென்ட் பெஞ்சுக்கு முன்னால் எல்லாரும் நிற்க, கேப்டன் அனந்தகிருஷ்ணன், வங்கியில் மேலாளராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர், பந்தயத்தை முடித்தவர்களின் பெயரையும் நேரத்தையும் ஒவ்வொன்றாக உரக்கப் படிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் மூன்று கைதட்டல். முதலாவதாக வந்தவருக்கும் மூன்று, கடைசியாக வந்தவருக்கும் மூன்று. ஜெயக்கொடி அந்த மூன்று தட்டலுக்காகத் தலை சீவி, பூ வைத்துக்கொண்டு போயிருந்தாள். அவள் பெயர் வரவே இல்லை.

"சார், என் பேர வுட்டுட்டீங்க" என்றாள்.

"டேட்டாவுல நீங்க டிஸ்குவாலிஃபைடுன்னு வந்திருக்கு மேடம். யூ டர்ன்ல உங்க சிப் பதிவாகலை. நான் என்ன பண்ணட்டும்?"

பின்வரிசையில் யாரோ, நடுவில் ஷேர் ஆட்டோ பிடித்துவிட்டாரோ என்னவோ என்றார்கள். நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் காதில் வாங்கிக்கொண்டு அவள் கடைக்கு வந்து, ஒரு லிட்டர் எனாமல் கேட்டவருக்கு ஒரு லிட்டர் பிரைமர் கொடுத்து அனுப்பினாள்.

இரண்டு மாதம் கழித்து, குழுவில் சின்னவனான உதயாதான் சிப்பின் மேல் போனை வைத்தால் பீப் வராது என்று விளக்கினான். அவன் சாஃப்ட்வேர்காரன், அவன் சொன்னால் கேட்பார்கள் என்று அவனையே கூட்டிக்கொண்டு போய் அனந்தகிருஷ்ணனிடம் சொல்ல வைத்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார். "இருக்கலாம் மேடம். ஆனா ரிசல்ட் ரிசல்ட்தானே. பிரூஃப் இல்லாம ஒருத்தர் பேரைச் சேர்த்தா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பா" என்றார். நியாயமான மனிதர்தான். அவருடைய நியாயம் மேட் மேல் மட்டும் நடக்கும், தரையில் இறங்காது.

அதனால் இந்த வருஷம் ஜெயக்கொடிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மூன்று பீப். மெடல் வேண்டாம், போட்டோ வேண்டாம். மூன்று இடத்திலும் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, ஏரிக்கரையில் தன் பெயர் படிக்கப்படும்போது பின்வரிசையைத் திரும்பிப் பார்க்க வேண்டும். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள். கையில் சாதாரணக் கடிகாரம் ஒன்றுதான்.

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மைதானத்தில் காலை ஐந்து மணிக்குப் புறப்பாடு. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மேடவாக்கம் என்று வேளச்சேரி சாலையிலேயே போய், பள்ளிக்கரணையில் திரும்பி அதே வழியில் வர வேண்டும். மூன்று மணி நேரம் கெடு. மூன்று மணி நேரம் ஆனதும் முடியும் இடத்து மேட்டைச் சுருட்டிவிடுவார்கள். பந்தயத்துக்குத் தேதி குறித்த புண்ணியவான்கள் வானிலை பார்த்தார்கள், பள்ளித் தேர்வு பார்த்தார்கள், கிரிக்கெட் மேட்ச் பார்த்தார்கள். காலண்டரில் முகூர்த்த நாளா என்று பார்க்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. வேளச்சேரி சாலையில் ஓட்டப் பந்தயத்தை விடக் கல்யாண மண்டபங்கள் ரொம்பப் பழையவை.

முதல் பீப் கேட்டது. ஜெயக்கொடி சந்தோஷமாக ஓடினாள். அவள் வேகம் ஊருக்கே தெரியும். ஒரு கிலோமீட்டருக்கு எட்டேகால் நிமிஷம், மழை வந்தாலும் வெயில் வந்தாலும் எட்டேகால். அப்படியே போனால் மூன்று மணி நேரத்துக்கு ஐந்தாறு நிமிஷம் முன்னாலேயே முடித்துவிடலாம். பக்கத்தில் மாளவிகா வந்துகொண்டிருந்தாள். தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர், முப்பத்தைந்து வயது, அவளுக்கு இதுதான் முதல் இருபத்தொன்று. கொஞ்ச தூரம் பின்னால் அனந்தகிருஷ்ணன். வழக்கமாக எல்லாருக்கும் முன்னால் போகிறவர். போன வாரக் காய்ச்சல் இன்னும் உடம்பை விடாததால் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

மேடவாக்கம் நெருங்கும்போது வெளிச்சம் வந்துவிட்டது. கூடவே கல்யாண வேன்களும் வந்துவிட்டன. சந்திப்பில் நாலா பக்கமும் ஹாரன். பட்டுப்புடவைகளும் தாம்பாளத் தட்டுகளுமாக ஒரு பஸ்ஸே குறுக்கே நின்றது. மாப்பிள்ளை ஒருவர் காரிலிருந்து இறங்கி டிராஃபிக் போலீஸிடம் கைக்கடிகாரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். ஒன்பதரையாவது கிலோமீட்டரில், சாலை நடுவே, ஆரஞ்சு நிறக் கோன் ஒன்றை வைத்துக்கொண்டு பந்தயத் தொண்டர் ஒருவர் விசில் ஊதினார்.

"எல்லாரும் இங்கயே திரும்பிடுங்க. ரோட்டை ஓப்பன் பண்ணச் சொல்லிட்டாங்க."

"திரும்புற இடம் பள்ளிக்கரணையாச்சே. இன்னும் ஒரு கிலோமீட்டர் கீதே" என்றாள் ஜெயக்கொடி.

"பரவாயில்லம்மா. இதுக்குப் பின்னால வர்ற எல்லாருக்கும் இங்கதான் யூ டர்ன். மெடல் உண்டு. ஒண்ணும் பிரச்சனை இல்ல."

மெடல் உண்டு என்ற சொல் காதில் விழுந்ததும் கூட்டத்துக்குப் புதுத் தெம்பு வந்தது. போக ஒரு கிலோமீட்டர், வர ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் இலவசமாகக் கழிகிறது. ஆளாளுக்குக் கோனைச் சுற்றிக்கொண்டு திரும்பினார்கள். அனந்தகிருஷ்ணனும் வந்து சேர்ந்தார், விஷயத்தைக் கேட்டார், நெற்றியைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

மாளவிகா ஜெயக்கொடியின் கையைப் பிடித்தாள். "அக்கா, வாங்க. அவங்களே சொல்றாங்களே."

"சொல்லட்டும்."

"யூ டர்ன்ல இப்ப மேட் இருக்குமான்னே தெரியாது அக்கா. போய்ட்டு டைமுக்குள்ள வர முடியலன்னா எல்லாம் போயிடும்."

ஜெயக்கொடிக்கும் அது தெரியும். அங்கே நின்ற அரை நிமிஷத்தில் அவளுக்குப் பயம் வந்தது உண்மை. இங்கே திரும்பினால் பத்திரமாக முடிக்கலாம், பெயர் படிப்பார்கள், மூன்று தட்டல் கிடைக்கும். ஆனால் போன வருஷம் முழுசாக ஓடியவளை ஓடவில்லை என்றார்கள். இன்றைக்குத் திரும்பினால் அந்தப் பேச்சை அவளே மெய்யாக்கினது போல ஆகிவிடும். நினைத்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவளுக்குக் கால் வலிக்காது.

"நீ போ கண்ணு. நான் போய்ட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கோனைத் தாண்டி ஓடினாள். தொண்டர் பின்னாலிருந்து விசில் ஊதினார். ஊதட்டும் என்று விட்டுவிட்டாள்.

அந்த ஒரு கிலோமீட்டரில் அவள் தனியாகத்தான் ஓடினாள். வலது பக்கம் சதுப்பு நிலம், இடது பக்கம் வேன்கள். ஒரு வேனிலிருந்து பெண் வீட்டார் எட்டிப் பார்த்து, யாரையோ துரத்துகிறாளா, யாராவது துரத்துகிறார்களா என்று பேசிக்கொண்டார்கள். திரும்பும் இடத்துக்கு அவள் வந்தபோது மணி ஆறு இருபத்தேழு. ஒரு மணி இருபத்தேழு நிமிஷம். கடிகாரம் மாதிரி சரியாக வந்திருந்தாள்.

மேட் அங்கே இல்லை. ஓரமாக நின்ற குட்டி யானை சரக்கு வண்டியின் பின்னால் சுருட்டிக் கிடந்தது. அதைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தவர் ஐம்பது வயசுக்காரர், சட்டைப் பையில் லாசரஸ் என்று பெயர் எழுதிய அட்டை தொங்கியது. அவளைப் பார்த்ததும் அவர் கயிற்றை விட்டுவிட்டார்.

"இன்னாம்மா, நீங்க இம்மாந்தூரம் வந்துட்டீங்க? அங்கயே திருப்பி வுடறோம்னு சொன்னாங்களே."

"அண்ணா, அந்த மேட்டக் கொஞ்சம் விரிங்களேன். ஒரே ஒரு தபா மிதிச்சிட்டுப் போயிடறேன்."

"விரிக்கறது பெரிசில்லம்மா. டைம் பதியற பெட்டிய ஆஃப் பண்ணிட்டேன். திரும்ப ஆன் பண்ணி அது லைன்ல வர்றதுக்குப் பத்து நிமிஷம் ஆவும். உங்களுக்கோசரம் பண்றேன், நிப்பீங்களா?"

ஜெயக்கொடி கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நிமிஷம் நின்றால் இந்தப் பீப் கிடைக்கும், கடைசிப் பீப் போய்விடும். நிற்காமல் போனால் கடைசி கிடைக்கும், நடுவில் உள்ளது கிடைக்காது. போன வருஷத்து அதே கதை. ஒரு வருஷமாக எதற்காகக் காலை நாலரை மணிக்கு எழுந்து ஓடினாளோ அது ஒரு வண்டியின் பின்னால் கயிறு கட்டிக் கிடந்தது. அவளுக்கு அழுகை வந்தது. லாசரஸ் முன்னால் அழக் கூடாது என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மேட் எங்க இருந்துச்சு?"

அவர் காட்டினார். தார் மேல் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு. மட்டமான பெயிண்ட், ஒரு மழைக்குத் தாங்காது என்று அந்த நிலையிலும் அவளுக்குத் தோன்றியது. கோட்டின் மேல் இரண்டு காலையும் வைத்து நின்றாள்.

"என் நம்பர் மூவாயிரத்து நூத்து எழுவத்து நாலு. நான் வந்தேன்னு யாராச்சும் கேட்டா சொல்லுவீங்களா?"

"சொல்றேம்மா. ஆனா யாரும் கேக்க மாட்டாங்க."

அதுவும் சரிதான் என்று சொல்லிவிட்டு அவள் திரும்பி ஓடினாள்.

திரும்பும் வழி பந்தயச் சாலையாக இல்லை. ஞாயிற்றுக்கிழமையின் சாதாரண வேளச்சேரி சாலையாக இருந்தது. தண்ணீர் மேசைகளை மடித்துவிட்டார்கள். மாநகரப் பேருந்து ஒன்று அவள் தோளை உரசுகிற மாதிரி வந்து நிறுத்தத்தில் நின்றது. சந்தோஷபுரம் பக்கம் பின்னால் ஒரு வேன் மெதுவாக வந்தது. முடியாதவர்களை ஏற்றிப் போகிற வேன். உள்ளே ஏழெட்டுப் பேர் வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏறிக்கங்கம்மா. ரோடு ஓப்பன் ஆயிடுச்சு, இனிமே ஓடக் கூடாது" என்றார் டிரைவர்.

"ரோடு எங்க ஊருது. ஓரமா ஓடிக்கிறேன், நீ போப்பா."

"அடிபட்டா யார் பொறுப்பு?"

"நான்தான். வேற யாரு?"

வேன் கொஞ்ச தூரம் கூடவே வந்து பார்த்தது. அவள் அந்தப் பக்கமே திரும்பாததால் அலுத்துப் போய் முந்திக்கொண்டு போனது.

ராஜகீழ்ப்பாக்கத்தில் அவள் கணவன் சிட்டிபாபு கடை ஷட்டரைப் பாதி தூக்கி வைத்துவிட்டு, சொம்பில் தண்ணீரோடு சாலை ஓரத்தில் நின்றான். நின்று நின்று அவன் முகமே மாறியிருந்தது.

"உன் டீச்சரு, கேப்டனு எல்லாம் எப்பவோ பூட்டாங்க. நீ இன்னா பண்ணிகினு இருந்த? நான் பயந்தே பூட்டேன்."

"அவங்க மேடவாக்கத்துலயே திரும்பிட்டாங்க. நான் முழுசா போய்ட்டு வரேன்."

"அவங்க திரும்பும்போது நீயும் திரும்ப வேண்டியதுதான? பேஜார் புடிச்ச வேல."

"தண்ணியக் குடு. சண்ட வூட்டுல வச்சுக்கலாம்."

பாதியைக் குடித்து மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். மணி ஏழு முப்பத்து மூன்று. இன்னும் மூன்று கிலோமீட்டர், இருபத்தேழு நிமிஷம். இடது முழங்கால் விண்விண்ணென்று வலித்தது. சேலையூர் ஏற்றத்தில் கொஞ்ச தூரம் நடந்துவிடலாமா என்று தோன்றியது. ஷேர் ஆட்டோ ஒன்று பக்கத்தில் வந்து, "தாம்பரம், தாம்பரம்" என்று கூவியது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தபடியே ஏற்றத்தை ஏறிவிட்டாள்.

மைதானத்தில் பாதிப் பந்தலைப் பிரித்திருந்தார்கள். இரண்டு மணி ஐம்பத்தெட்டு நிமிஷத்தில் அவள் கடைசி மேட்டை மிதித்தாள். பீப் கேட்டது. மெடல் போட்ட பெண் வேறு யாருடனோ பேசிக்கொண்டே போட்டாள். அனந்தகிருஷ்ணன் குளித்துவிட்டு வந்தவர் போலப் பளிச்சென்று நின்றிருந்தார். "கங்கிராட்ஸ் மேடம். என்ன ஆச்சு, நம்மகூடத்தானே வந்துண்டிருந்தேள்? ரொம்ப ஸ்லோ ஆயிட்டேளே" என்றார். ஜெயக்கொடிக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை. அதனால் அவர் தப்பித்தார்.

புதன்கிழமை முடிவுகள் வந்தன. அமைப்பாளர்கள் பெருந்தன்மையாக ஒரு கடிதமும் போட்டிருந்தார்கள். போக்குவரத்து காரணமாகத் திரும்பும் இடத்தில் சிலருடைய சிப் பதிவாகவில்லை, முடிவுக் கோட்டைத் தாண்டிய எல்லாரும் பந்தயத்தை முடித்தவர்களாகவே கருதப்படுவார்கள் என்று. அந்தச் சிலர் பட்டியலில் மாளவிகா இருந்தாள், அனந்தகிருஷ்ணன் இருந்தார், குழுவில் இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள். ஜெயக்கொடியும் இருந்தாள். பத்தொன்பது ஓடியவர்களும் இருபத்தொன்று ஓடியவளும் ஒரே மாதிரி, திரும்பும் இடத்து நேரத்துக்குப் பதில் ஒரு கோடு போட்டு. அவர்கள் இரண்டு மணி நாற்பதுகளில் முடித்திருந்தார்கள். அவள்தான் கடைசி.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் அனந்தகிருஷ்ணன் போனைப் பார்த்துப் பெயர் படித்தார். ஒவ்வொன்றுக்கும் மூன்று தட்டல். தன் பெயரையும் நேரத்தையும் கொஞ்சம் அடக்கமான குரலில் படித்துக்கொண்டார். மாளவிகாவுக்கு முதல் பந்தயம் என்று பலமாகத் தட்டினார்கள். கடைசியில், "ஜெயக்கொடி மேடம்" என்று ஆரம்பித்தார்.

"கொஞ்சம் இருங்க சார்" என்றாள் ஜெயக்கொடி. முழங்கால் வலியால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து முன்னால் வந்தாள். "நீங்க படிக்கறதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும். யூ டர்ன்ல என் சிப்பு பதிவாச்சா?"

"இல்லை. ஆனா இந்த வருஷம் அவாளே அக்செப்ட் பண்ணிட்டா."

"உங்களுது பதிவாச்சா?"

அவர் போனில் விரலை மேலும் கீழும் தள்ளினார்.

"போன வருஷம் எனக்கு மேட்டு சத்தம் போடல. ஓடலன்னுட்டீங்க. இந்த வருஷம் எட்டு பேருக்கு சத்தம் போடல. எட்டு பேருக்கும் கைதட்டு. எனக்கு அது எப்படின்னு புரியல, நீங்களே சொல்லுங்க."

"அது வேற, இது வேற மேடம். இந்தத் தடவை நம்மளை அங்கேயே திரும்பச் சொன்னா."

"உங்களத் திரும்பச் சொன்னாங்க, திரும்புனீங்க. என்னையும்தான் சொன்னாங்க. நான் திரும்பல. பள்ளிக்கரணை வரைக்கும் போய் மஞ்சக் கோட்டு மேல நின்னுட்டு வந்தேன். அதான் சார் ஸ்லோ ஆயிட்டேன்."

ஏரிக்கரையில் நடை பயில வந்தவர்கள் கூட இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். பின்வரிசையில் யாருக்கும் இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அனந்தகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிரூஃப்..." என்று ஆரம்பித்தார்.

"நான் பார்த்தேன் சார்" என்றாள் மாளவிகா. "அக்கா கோனைத் தாண்டி ஓடினதைப் பார்த்தேன். நீங்களும் அங்கதான் இருந்தீங்க. நாம ஓடினது பத்தொன்பது கிலோமீட்டர். என் பேரை லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுங்க."

"உன் பேர எடுக்கச் சொல்லி நான் கேக்கல கண்ணு" என்றாள் ஜெயக்கொடி. "யார் பேரையும் எடுக்க வாணாம். சார், போன வருஷமும் நான் முழுசாத்தான் ஓடினேன். ஒரு வருஷமா ஒவ்வொருத்தரும் இன்னா பேரு சொல்லி என்னக் கூப்புடறீங்கன்னு எனக்குத் தெரியும். அதனால இப்ப ரெண்டு வருஷத்தையும் சேர்த்துப் படிங்க. முடியாதுன்னா அதையும் எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க. நான் நிக்கறேன். கடைய எட்டு மணிக்குத்தான் தொறக்கணும்."

அப்படிச் சொல்லிவிட்டு அவள் உண்மையிலேயே நின்றாள். கையைக் கட்டவில்லை, தலையைக் குனியவில்லை, உதவிக்கு யாரையும் பார்க்கவில்லை. அனந்தகிருஷ்ணன் போனைப் பார்த்தார், மாளவிகாவைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார். பார்க்க வேறு இடம் இல்லாமல் போனதும் அவளைப் பார்த்தார்.

"போன வருஷ டைம் எங்கிட்ட இல்லை மேடம்" என்றார் மெதுவாக.

"எங்கிட்ட கீது. ரெண்டு மணி ஐம்பத்தாறு."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஜெயக்கொடி" என்று படித்தார். "போன வருஷம், இருபத்தொரு கிலோமீட்டர், ரெண்டு மணி ஐம்பத்தாறு நிமிஷம்." "இந்த வருஷம், இருபத்தொரு கிலோமீட்டர், ரெண்டு மணி ஐம்பத்தெட்டு." அப்புறம், யாரும் கேட்காமலே, "அனந்தகிருஷ்ணன், பத்தொன்பது" என்றார்.

முதலில் மாளவிகா தட்டினாள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். மூன்று தட்டலோடு நின்றுவிட்டது. ஜெயக்கொடி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"ரெண்டு வருஷம் சார்" என்றாள். "இன்னும் மூணு பாக்கி."

இன்னும் மூன்று தட்டினார்கள். அதற்கப்புறம்தான் உட்கார்ந்தாள்.